இரண்டாம் நாட்டின் பருப்பு

சந்திரலேகாவுக்கு ஆய்வுத் தலைப்பு கிடைத்த கதையைச் சொன்னால், உலகத்தில் அறிவு எப்படி வளர்கிறது என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். சிதம்பரத்தில் பேராசிரியர் தில்லைநாதன் அன்றைக்கு மதியம் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சும் ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து, இடுப்பு பெல்ட்டை ஒரு ஓட்டை தளர்த்தியிருந்தார். ஊட்டச்சத்துத் துறையின் தலைவர் அவர். சந்திரலேகா எதிரே நின்றாள். உட்கார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த அறையில் இருந்த இன்னொரு நாற்காலியில் பழைய ஆய்வேடுகள் உட்கார்ந்திருந்தன.

"நீயா ஏதாவது யோசிச்சு வச்சிருக்கியாம்மா?"

"ஆமா சார். மீன்பிடி தடைக்காலத்துல மீனவக் குடும்பங்க என்ன சாப்பிடுறாங்கன்னு பாக்கலாம்னு."

"எங்க?"

"எங்க குப்பத்துலயே சார். கடலூர் முதுநகர் பக்கம்."

தில்லைநாதன் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று நினைத்தாள். அது கொத்சின் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அதுக்கு நான் ஒரு தடவையாவது அங்க வரணுமேம்மா," என்றார். "வெயில் வேற. இன்னிக்கு எந்தப் புத்திசாலி நேர்ல போய்ப் பாக்குறான்? உலகத்துல இருக்குற அத்தனை நாட்டுச் சாப்பாட்டுக் கணக்கும் இன்டர்நெட்ல சும்மா கெடக்குது. எடுத்தோமா, ரெண்டு நாட்ட வச்சு ஒப்பிட்டோமான்னு போயிட்டே இருக்கணும்."

அவரிடம் ஏற்கெனவே பட்டம் வாங்கிப் போனவர்கள் பெரிய நாடுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நடுத்தர நாடுகளை அவருடைய மச்சான் மகன் எடுத்திருந்தான். மிச்சம் கடலில் புள்ளி வைத்த மாதிரி இரண்டு சின்ன நாடுகள் இருந்தன. சாப்பாட்டில் அரிசி, கோதுமை, பால், முட்டை, இறைச்சி எல்லாம் ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டது, பருப்பு மட்டும் இருந்தது. பருப்பில் இருக்கிற புரதத்தைப் போன வருஷம் ஒருவர் முடித்துவிட்டார். ஆகவே பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவளுக்கு என்ன கிடைக்குமோ அது சந்திரலேகாவுக்குக் கிடைத்தது: இரண்டு சின்ன நாடுகளில் பருப்பு வகைகள் மூலம் மக்களுக்குக் கிடைக்கும் கொழுப்பின் அளவு, ஓர் ஒப்பீடு.

அந்த நாடுகளின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. அவர்கள் யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாதவர்கள். துறையில் எல்லாரும் ஒன்றாம் நாடு, இரண்டாம் நாடு என்றுதான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம்.

பருப்பில் கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்று வீட்டில் சமைக்கிற யாருக்கும் தெரியும். தாளிக்கிற எண்ணெயைக் கழித்துவிட்டால் அதில் வழுவழுப்பாக ஒன்றும் இல்லை. ஒன்றாம் நாட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த பருப்புக் கொழுப்பு, கடுகு அளவு. இரண்டாம் நாட்டில் அதே கடுகு, கொஞ்சம் சொத்தை. இந்த இரண்டு கடுகுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை இருநூறு பக்கத்துக்கு எழுதச் சொன்னார் தில்லைநாதன். முதல் அத்தியாயம் பருப்பின் வரலாறு. இரண்டாவது கொழுப்பின் வரலாறு. மூன்றாவது நாடு என்றால் என்ன. சந்திரலேகா எழுதினாள். குப்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்த பெண்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவள் கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். பட்டம் வந்தால்தான் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் அப்பா கொளஞ்சி இந்த வயதில் அடுத்தவர் விசைப்படகில் வலை இழுக்கப் போவதை நிறுத்துவார். அதனால் நாடு என்றால் என்ன என்றும் எழுதினாள்.

குப்பத்து ஆய்வை அவள் விடவில்லை. கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டதில் தில்லைநாதன் ஒருநாள் இறங்கி வந்தார். "ஆசைக்கு ஒண்ணு செஞ்சுக்கோம்மா. கடைசியில பின்னிணைப்பா ஒட்டிடலாம். யாரும் பின்னிணைப்பப் படிக்க மாட்டாங்க."

அந்த வருஷம் ஏப்ரல் நடுவில் தடைக்காலம் தொடங்கிற்று. விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நின்றன. சந்திரலேகா கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு சின்னத் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் தெருவில் வீடு வீடாகப் போனாள். அடுப்பில் போடுவதற்கு முன்னால் பருப்பை எடை போட வேண்டும், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்க வேண்டும், மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருந்தது. யார் வீட்டு அடுப்படியை யார் போய் எட்டிப் பார்ப்பது? மொத்தத் தெருவும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவளுடைய அம்மா புஷ்பவள்ளியே, "ஒலையில போடுறதையாடி அளப்பாங்க, நாலு பேரு சிரிப்பாங்க," என்று பானையை மூடினாள்.

காரியத்தை நடத்திக் கொடுத்தவள் லோகநாயகி அத்தை. கொளஞ்சியின் ஒன்றுவிட்ட தங்கை, எதிர் வீடு. துறைமுகத்து ஏலத்தில் மீன் எடுத்து, நெல்லிக்குப்பம் பக்கம் கூடையோடு போய் விற்று வருகிறவள். அவள் குரல் கேட்டால் அங்கே சர்க்கரை ஆலைச் சங்கு கேட்க வேண்டியதில்லை என்பார்கள்.

"இத எல்லாம் எங்கடி எழுதுவ?" என்றாள்.

"புத்தகமா வரும் அத்தை. யூனிவர்சிட்டில வைப்பாங்க."

"எம்பேரு வருமா?"

சந்திரலேகா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை.

"ரேசன் கார்டுல உன் மாமன் பேருக்குக் கீழ 'மனைவி'ன்னு போட்டு வச்சிருக்கான். படகு மாமன் பேர்ல. வீடு மாமன் அண்ணன் பேர்ல. குழுக் கடன்ல ஒரு நம்பரு குடுத்திருக்காங்க. லோகநாயகின்னு ஒருத்தி இருக்கான்னு எங்கியாவது ஒரு எடத்துல அச்சடிச்சுப் பாக்கணும்டி. வருமா, வராதா?"

"வரும் அத்தை."

"அப்ப வா," என்று அத்தை எழுந்தாள். அந்தத் தெருவில் ஒரு வீடு மிச்சமில்லாமல் கதவைத் தட்டி, "எல்லார் பேரும் புஸ்தகத்துல வருது, பானையத் தொற," என்று சொல்லிவிட்டாள்.

முதல் வாரக் கணக்கு முழுவதையும் சந்திரலேகா தூக்கிப் போட வேண்டியிருந்தது. காரணம் மானம். எடை போட ஆள் வருகிறது என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் பருப்பு கூடிவிட்டது. கோடி வீட்டு தில்லையம்மாள் சித்தி அடுத்த வீட்டில் கடன் வாங்கி இரண்டு கை அதிகம் போட்டாள். நாலு பேர் இருக்கிற வீட்டில் கல்யாணத்துக்கு வைக்கிற மாதிரி சாம்பார் கொதித்தது. எந்த வெளிநாட்டுப் புள்ளிவிவரத்திலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. அங்கே யாரும் பானைக்குப் பக்கத்தில் போவதில்லையே. இவள் தினமும் போய், அடுப்படியில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்துக் கொடுத்து, பேசிச் சிரித்து, அவர்கள் அவளை மறந்துபோகும்வரை இருந்தாள். அப்புறம்தான் உண்மையான எடை வந்தது.

அந்த எடை ஒன்றைச் சொன்னது. மீன் இருக்கிற மாதங்களில் இந்த வீடுகளில் பருப்பு வேகுவதே அபூர்வம். கடலுக்குப் போகாத நாளில்தான் பருப்பு. தடைக்காலம் நீள நீளப் பருப்பு ஏறிக்கொண்டே போனது. பருப்புக் கோடு மேலே போகிறது என்றால் சட்டியில் மீன் இல்லை, கையில் வேலை இல்லை, கடைசியில் அந்தப் பருப்பும் தண்ணீராகிறது என்று அர்த்தம். சந்திரலேகா அதை அழகாக எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவைதான். நன்றியுரையில் தெருவில் இருந்த அத்தனை பெண்களின் பெயரையும் எழுதி, முதல் பெயராக லோகநாயகி என்று போட்டாள்.

இரண்டாம் நாடு இதற்கிடையில் ஒரு துரோகம் செய்துவிட்டது. கடைசிச் சில வருஷங்களுக்கு அது கணக்கே அனுப்பவில்லை. கட்டம் கட்டமாக வெறுமை. சந்திரலேகா அந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறைக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். சம்பந்தப்பட்ட அதிகாரி விடுப்பில் இருக்கிறார் என்று தானாகவே ஒரு பதில் வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி அனுப்பினாள். அவர் இன்னும் விடுப்பில்தான் இருந்தார். சந்திரலேகாவுக்கு அந்த அதிகாரி மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

"கவலைப்படாதம்மா, அத நான் பாத்துக்குறேன்," என்றார் தில்லைநாதன்.

பார்த்துக்கொண்டார். ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குக் கடைசி நாளுக்கு முதல் நாள், கீழவீதியில் டைப் அடிக்கிற கடைக்கு அவள் போனபோது, கட்டுப்போட்ட பிரதிகள் தயாராக இருந்தன. புரட்டினாள். பின்னிணைப்பு இல்லை. நன்றியுரையில் தெரு இல்லை, தில்லைநாதன் இருந்தார், அவர் துணைவியார் இருந்தார், துணைவியார் போட்ட காபி இருந்தது. வரைபடங்களைப் பார்த்தாள். இரண்டாம் நாட்டின் கோடு வெறுமையைத் தாண்டி வந்து, திடுமென்று நிமிர்ந்து மேலே ஏறியிருந்தது. அந்த வளைவு அவளுக்குத் தெரியும். எந்த வாரத்தில் எந்த வீட்டில் அது ஏறியது என்றுகூடத் தெரியும். அவளுடைய தெருவை அப்படியே தூக்கி ஒரு தீவில் வைத்துவிட்டார் மனிதர்.

ஓட்டமாகப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"சார், இது எங்க குப்பத்துக் கணக்கு."

"ஆமா. வீணாப் போகக் கூடாதேன்னுதான் சேத்தேன். நீ கஷ்டப்பட்டு அளந்ததுதானே?"

"ஆனா அந்த நாட்டுப் பேர்ல..."

"அங்கயும் கடல், இங்கயும் கடல்," என்றார் தில்லைநாதன். "ஆராய்ச்சியில ஓட்டை இருக்கக் கூடாதும்மா. நாளைக்கு உன் பதிவு காலாவதியாவுது. மாத்தி அடிச்சு பைண்டிங் பண்ண நேரமிருக்கா? இல்ல மறுபடியும் மொதல்லருந்து பதிவு பண்ணிக்குறியா? உன் இஷ்டம்."

மறுநாள் சமர்ப்பித்தாள். சமர்ப்பித்துவிட்டு கடலூர் பஸ்ஸில் ஏறி, ஆலப்பாக்கம் வரும்வரை அழுதாள். அழுததால் ஒன்றும் மாறவில்லை, பக்கத்து சீட்டுக்காரி ஒரு கமலா ஆரஞ்சு கொடுத்தாள், அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வு 2010இல் நடந்தது. அதற்குத் தேவையான கல்வித் தகுதிகளைத் தில்லைநாதன் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: மெதுவடை, மைசூர் பாகு, காபி, வருகிறவருக்குப் பொன்னாடை, அவர் காரில் வைக்க நல்லதாக ஒரு பண்ருட்டிப் பலாப்பழம். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ராஜமாணிக்கம் சாந்தமான மனிதர். ஆய்வேட்டைப் படிக்கவில்லை என்பதை மறைக்க அவர் பெரிய முயற்சி எதுவும் செய்யவில்லை. படங்களை மட்டும் புரட்டிக்கொண்டே வடையைப் பிட்டார். வடையிலிருந்து வழிந்த எண்ணெய் ஒன்றாம் நாட்டின் மேல் சொட்டியது. இரண்டு நாட்டு மக்களுக்கும் ஒரு வருஷம் பருப்பில் கிடைத்த கொழுப்பு அந்தச் சொட்டில் இருந்திருக்கும்.

"இந்த ரெண்டாவது நாடு," என்றார், கையைக் காகிதத்தில் துடைத்தபடி. "திடீர்னு பருப்பு இவ்வளவு ஏறியிருக்கே. என்ன காரணம்?"

கூட்டம் மொத்தமும் மைசூர் பாகிலிருந்து தலை நிமிர்ந்தது. கேள்வி கேட்பது அங்கே வழக்கமில்லை. சந்திரலேகாவுக்குப் பதில் தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் அந்தப் பதில் தெரியும். மீன் இல்லை சார் என்ற மூன்று வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் தில்லைநாதன் எழுந்துவிட்டார்.

"அரசாங்கக் கொள்கை சார். அந்த நாட்டுல பருப்புக்குன்னே ஒரு தேசியக் கொள்கை கொண்டாந்திருக்காங்க. பொம்பளைங்கள வச்சே செஞ்சிருக்காங்க."

"அப்படியா," என்று ராஜமாணிக்கம் மலர்ந்தார். "சின்ன நாடு, ஆனா என்ன ஒரு அரசியல் உறுதி. இதுதான் நம்ம மக்களுக்கு எடுத்துச் சொல்லணும்."

இப்படியாகத்தான் ஒரு தீவில், அந்தத் தீவுக்கே தெரியாமல், ஒரு கொள்கை பிறந்தது. சந்திரலேகா வாயை மூடிக்கொண்டாள். பேசாமல் இருந்ததற்குப் பட்டம் கிடைத்தது. ஊருக்கு வந்ததும் லோகநாயகி அத்தை முதல் ஆளாக வந்து, "புஸ்தகம் எங்கடி?" என்றாள். அது இங்கிலீஷில் இருக்கிறது, நூலகத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள், வெளியே தரமாட்டார்கள் என்றாள் சந்திரலேகா. "பூட்டி வேற வச்சிருக்காங்களா," என்று அத்தை பூரித்துப்போனாள். அதற்கப்புறம் நெல்லிக்குப்பத்தில் மீன் வாங்குகிறவர்களிடமெல்லாம், "எம்பேரு சிதம்பரத்துல பூட்டுல இருக்குது," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திரலேகாவுக்கு அத்தை வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நடை தானாக வேகமாகிவிடும்.

ராஜமாணிக்கம் சும்மா இருந்திருக்கலாம். எங்கோ ஒரு குழுவில் இருந்த அவர், அந்தத் தீவின் கொள்கையைப் பற்றிப் பேசி, ஒரு திட்டத்துக்கு நிதி வாங்கிக் கொடுத்துவிட்டார். 'கடலோரப் பெண்களுக்கான பருப்பு விழிப்புணர்வு முகாம்.' நடத்துகிறவர் தில்லைநாதன்.

"முதல் முகாம் உங்க குப்பத்துலயே வச்சுக்கலாம்மா," என்று போன் செய்தார். "கூட்டம் சேக்குற வேலை மிச்சம். அப்புறம், அடுத்த வாரம் உங்க காலேஜ்ல நிரந்தர போஸ்ட்டுக்கு இன்டர்வியூ இருக்குல்ல? நிபுணர் குழுவுல நான்தான் வர்றேன். நல்லபடியா நடத்திக் குடு."

இரண்டாம் நாட்டின் கோடு உண்மையில் எந்தத் தெருவுடையது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. மறைக்கிறார் என்று முதலில் நினைத்தாள். இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டார். இரண்டு வருஷமாக மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லி, அந்தத் தீவுக் கொள்கையை அவரே முழு மனதோடு நம்ப ஆரம்பித்துவிட்டார்.

முகாம் 2012 மே மாதம் நடந்தது. மறுபடியும் தடைக்காலம். முந்தின டிசம்பரில் அடித்த 'தானே' புயலில் பறந்துபோன சமுதாயக் கூடத்துக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டு, அதன் கீழே வெயில் ஒரு டிகிரி கூடக் குறையாமல் இறங்கிக்கொண்டிருந்தது. கொளஞ்சி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பெண்கள் கூட்டம் என்று வெட்கப்பட்டு வலை பின்னப் போய்விட்டார். உள்ளே தெருவே உட்கார்ந்திருந்தது. லோகநாயகி அத்தை புதுப் புடவையில் முதல் வரிசையில். மேடைக்குப் பின்னால் பெரிய ஃபிளெக்ஸ், அதில் இரண்டு கோடுகள். ஒன்று படுத்துக் கிடந்தது. இன்னொன்று எழுந்து மேலே போனது. அதன் தலைமாட்டில் இரண்டாம் நாட்டின் பெயர் சிவப்பில் இருந்தது.

தில்லைநாதன் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, இந்தக் கோட்டப் பாருங்க. நம்மள விட சின்ன நாடு. சுத்தியும் கடல். அங்கயும் உங்கள மாதிரி மீனவப் பெண்கள்தான். ஆனா அவுங்க என்ன செஞ்சாங்க? மீனு மீனுன்னு நிக்காம, புத்தியா பருப்புக்கு மாறுனாங்க. எப்படி ஏறியிருக்குது பாருங்க. உங்களால ஏன் முடியாது? அவுங்களப் பாத்து நீங்க கத்துக்கணும்."

பெண்கள் விசிறிக்கொண்டே அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். தில்லையம்மாள் சித்தி, "கெட்டிக்காரிங்கதான்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு கூச்சம் இருந்தது. தன்னால் அந்த அளவுக்கு முடியவில்லையே என்ற கூச்சம்.

லோகநாயகி அத்தை கையைத் தூக்கினாள். "அந்த ஊரு பொம்பளைங்க பேரு என்னாங்க சார்?"

"பேரெல்லாம் முக்கியமில்லம்மா," என்று சிரித்தார் தில்லைநாதன். "கோடுதான் முக்கியம். இப்ப நம்ம முனைவர் சந்திரலேகா, உங்க ஊருப் பொண்ணு, ரெண்டு வார்த்தை பேசுவாங்க."

அவள் எழுந்தாள். மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. அந்த நாட்டு மக்களின் முன்மாதிரியைப் பின்பற்றி, என்று தொடங்கும். அதைச் சொல்லிவிட்டு இறங்கினால் அடுத்த வாரம் வேலை, அப்பாவுக்கு ஓய்வு. அத்தை முதல் வரிசையிலிருந்து, பேசுடி என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"அந்த ஊருப் பொம்பளைங்க பேரு எனக்குத் தெரியும்," என்றாள் சந்திரலேகா.

தில்லைநாதன் திரும்பிப் பார்த்தார்.

"லோகநாயகி. தில்லையம்மாள். புஷ்பவள்ளி. இன்னும் இங்க ஒக்காந்திருக்குற எல்லாரும்."

கூட்டம் சிரித்தது. மேடையில் ஏதோ தமாஷ் பண்ணுகிறாள் என்று அம்மா புஷ்பவள்ளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டாள்.

"சித்தி, மொத வாரம் நான் தராசோட வந்தப்ப, அடுத்த வீட்டுல வாங்கி ரெண்டு கை ஜாஸ்தி போட்டீங்களே. அதக் கழிச்சிட்டுத்தான் இந்தக் கோடு போட்டேன். இது அந்த நாடு இல்ல. அந்த நாட்டுலருந்து கணக்கே வரல. இது நம்ம தெரு. அந்த வருசம் தடைக்காலம்."

சிரிப்பு நின்றது. விசிறிகளும் நின்றன.

தில்லைநாதன் மைக்குக்காகக் கையை நீட்டியபடியே, "மேடம் ஒரு உவமையா சொல்றாங்க," என்றார். "நீங்களும் அந்த மாதிரி வரணும்னு."

"உவமை இல்ல சார். பருப்பு ஏறுனது கொள்கையால இல்ல. வீட்டுல மீன் இல்ல. கடைசி வாரத்துல அந்தப் பருப்பையும் தண்ணி ஊத்தி இழுத்தாங்க. இவுங்களப் பாத்து இவுங்களே கத்துக்கணும்னு சொல்லிட்டிருக்கோம்."

தில்லைநாதன் கையை இறக்கினார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்குக்கு எட்டாத குரலில், "திங்கட்கிழமை இன்டர்வியூவுல பாக்கலாம்மா," என்றார். அவ்வளவு மென்மையாக அவர் அவளிடம் அதுவரை பேசியதில்லை. வேலை போயிற்று என்று அவளுக்குப் புரிந்தது. அப்பா தடை முடிந்ததும் மறுபடி படகேறுவார் என்பதும் புரிந்தது.

லோகநாயகி அத்தை எழுந்து மேடைக்கு வந்துவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்று கோட்டை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள்.

"இதுல நான் எங்கடி இருக்கேன்?"

சந்திரலேகா கோட்டின் உச்சியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க அத்தை. மாமா கடன் கேட்டு அலைஞ்ச வாரம்."

அத்தை அந்த இடத்தில் விரலை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"அப்ப சிதம்பரத்துல பூட்டி வச்சிருக்குற புஸ்தகத்துல எம்பேரு இல்ல."

"இல்ல அத்தை. வரும்னு சொல்லிட்டு ஏமாத்திட்டேன்."

அத்தை அவளைத் திட்டியிருக்கலாம். அந்தக் குரலுக்குத் தகரக் கூரை தாங்கியிருக்காது. அவள் திட்டவில்லை. பெயர் பதிவு செய்கிற மேஜையிலிருந்து தடித்த கறுப்புப் பேனாவை எடுத்து வந்து சந்திரலேகாவின் கையில் வைத்தாள்.

"இப்ப எழுது. பெருசா எழுது."

சந்திரலேகா கோட்டின் தலைமாட்டில் லோகநாயகி என்று எழுதினாள். கீழே தில்லையம்மாள் என்று எழுதினாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து தங்கள் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். இடம் போதவில்லை. சிவப்பு எழுத்தில் இருந்த இரண்டாம் நாட்டின் பெயர்மேல் பேனாவை வைத்து, இதை அடித்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அத்தை பேனா பிடித்த கையைப் பிடித்து நகர்த்தினாள்.

"அத அடிக்காத," என்றாள். "அவுங்களையுந்தான் யாரும் போய்ப் பாக்கல."